லிப்ட்டு வாங்கிய கையெழுத்துகள்

குடியிருப்பில் அவரை எல்லோரும் லிப்ட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். வங்கி, மருத்துவமனை, ஜவுளிக்கடை, வசதியானவர்கள் வாழும் அடுக்குமாடி என்று கண்ட இடத்து லிப்ட்டுகளையெல்லாம் முப்பத்தொரு வருடம் பழுது பார்த்தவருக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். அவர் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிப்ட் கிடையாது. வீட்டுவசதி வாரியம் எப்போதோ கட்டிப்போட்ட மூன்று மாடிக் கட்டடங்கள் நான்கு. எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றாறு வீடுகள். அவருடையது மூன்றாவது மாடி. ஐம்பத்து நான்கு படிகள்.

கட்டடத்துக்கு அவரைவிட வயது அதிகம். மழை பெய்தால் சுவர் குடித்துக்கொள்ளும், வெயில் அடித்தால் கூரை உதிரும். பல வீடுகளில் கட்டிலுக்கு மேலே கூரைச்சாந்து போய்த் துருப்பிடித்த கம்பி விலா எலும்பு மாதிரி தெரிந்தது. வாரியத்துக்கு எழுதிப்போட்டால் ஆள் வருவார், அண்ணாந்து பார்ப்பார், குறித்துக்கொள்வார், போய்விடுவார். அந்தக் குறிப்புகளை அடுக்கி வைத்தாலே இன்னொரு மாடி கட்டலாம் என்று லிப்ட்டின் மனைவி சொல்வாள்.

வாய்க்குப் பஞ்சமில்லாதவள் அவள். பிஸ்கட் தொழிற்சாலையில் உடைந்ததைப் பொறுக்கிப் போடும் வேலை. ஒரு நாள் காலை கம்பெனி வண்டியைப் பிடிக்க இறங்கியபோது இரண்டாவது மாடிப் படி ஒன்றின் விளிம்பு காலடியில் அப்படியே பெயர்ந்து போனது. பதினோரு படி உருண்டாள். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை செய்து கம்பி வைத்து அனுப்பினார்கள். சமதரையில் கோலூன்றி நடப்பாள். படி மட்டும் ஆகாது. மூன்று மாதம் கழித்து வாரியம் அந்தப் படிக்குக் கொஞ்சம் சிமெண்ட் அப்பிவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு அவள் கீழே இறங்க வேண்டுமென்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பின்னால் லிப்ட்டு. முன்னால் எப்போதும் எதிர்வீட்டுக் கண்டக்டர். பேருந்தில் முப்பது வருடம் தொங்கி ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், வெளியூரில் வேலையாக இருக்கும் ஒரே மகனின் போனுக்குக் காத்திருப்பவர். லிப்ட்டின் மனைவியைத் தங்கச்சி என்பார். அந்த வழியில் லிப்ட்டு அவருக்கு மாப்பிள்ளை, அவர் லிப்ட்டுக்கு மச்சான். ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை. நாற்காலி சம்பந்தம்தான்.

மூன்று வருடத்தில் அவள் பதினான்கு முறை கீழே இறங்கினாள். எல்லாமே ஆஸ்பத்திரிக்கு.

"ஊருக்கெல்லாம் லிப்ட் ஓட்டுறவர் பொண்டாட்டிய சவம் மாதிரி தூக்கிட்டுப் போக வேண்டியிருக்கு" என்பாள் நாற்காலியில் ஆடிக்கொண்டே. கண்டக்டர் மூச்சு வாங்கச் சிரிப்பார். லிப்ட்டுக்குச் சிரிப்பு வராது. அவருக்கு அது உள்ளே எங்கோ போய்க் குத்தி அங்கேயே தங்கிவிடும்.

ஆகவே, கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டித் தரப்போவதாக வாரியம் கூட்டம் போட்டபோது முதல் வரிசையில் போய் உட்கார்ந்தவர் அவர்தான். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். சுவரில் பெரிய வண்ணப்படம் ஒட்டியிருந்தார்கள். பதினான்கு மாடி, பச்சைப் புல், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு அதைப் பார்த்தார்கள். லிப்ட்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் தொங்கிய கறுப்பு வெள்ளை வரைபடத்தின் அருகே போய், மாடிப்படிக்கு ஒட்டினாற்போல் பெருக்கல் குறி போட்ட இரண்டு சிறு சதுரங்களைத் தேடிக் கண்டுபிடித்தார். லிப்ட் ஏறி இறங்கும் கூண்டுகள். இரண்டு.

வாரியத்தின் இன்ஜினியரம்மா அதைக் கவனித்துவிட்டார். இளவயது, தன்மையான பேச்சு. எத்தனை பேர் ஏறும் லிப்ட் என்று இவர் கேட்க, எட்டுப் பேர், தானாகத் திறந்து மூடும் கதவு, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் என்று அவர் தயங்காமல் சொன்னார். பிறகு, விவரம் தெரிந்த உங்களைப் போன்றவர்கள்தான் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார். நான்கில் மூன்று பங்கு வீட்டுக்காரர்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் திட்டம் நகரும். எழுபத்திரண்டு கையெழுத்து. இரண்டே வருடம், சாவியோடு திரும்பி வந்துவிடலாம்.

முப்பத்தொரு வருடத்தில் ஒரு அதிகாரி அவரை விவரம் தெரிந்தவர் என்று சொன்னது அன்றைக்குத்தான். நிமிர்ந்த நடையோடு வீட்டுக்கு வந்தார்.

சம்மதப் பத்திரம் பதினான்கு பக்கம். முதல் மூன்று பக்கத்தையும் வரைபடம் இருந்த பக்கத்தையும் படித்தார். மிச்சம் சட்டத்துப் பேச்சு. அவருடைய தொழிலிலும் அப்படித்தான். பழுது பார்த்து முடித்ததும் ஒரு தாளை நீட்டுவார், எதிரே இருப்பவர் அடியில் கையெழுத்துப் போடுவார். ஒருவரும் அதைப் படித்ததில்லை. படிக்காததால் எந்தக் கெடுதலும் வந்ததில்லை. வீடு வீடாக ஏறி இறங்கியபோது, பின்பக்கங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர்களிடம், "அதெல்லாம் வழக்கமா போடறதுதான்" என்றார். நாற்பது வீடுகளிலாவது அதைச் சொல்லியிருப்பார்.

ஒரு மாதத்தில் ஐம்பது கையெழுத்து வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. மற்றவர்கள் கண்டக்டர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் சுலபத்தில் எதையும் நம்பாதவர். சில்லறை கொடுத்தாலும் சுண்டிப் பார்க்கிற கை.

"மாப்ளே, ரெண்டு வருஷம்ங்கிறாங்கல்ல? அந்தத் தேதியைத் தாள்ல எழுதித் தரச் சொல்லு, இப்பவே போடறேன்" என்றார்.

இன்ஜினியரம்மாவிடம் கேட்டதற்கு, அரசாங்கத் திட்டத்தில் அப்படித் தேதி போடுகிற வழக்கம் இல்லை, ஆனால் வாக்கு வாக்குதான் என்றார். அதை அப்படியே கொண்டுவந்து சொன்னார் லிப்ட்டு. கண்டக்டர் வெற்றுத்தாளைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துவிட்டுப் பேப்பர் படிக்கத் திரும்பிவிட்டார். அன்று இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. சந்தேகப்பட்டே வாழ்க்கையை ஓட்டினவன் என்று இவர் சொல்ல, நாலு வார்த்தை பதமாகப் பேசினால் உருகுகிறவன் என்று அவர் சொல்ல, வாசற்கதவுகள் இரண்டும் ஒரே நேரத்தில் சாத்தப்பட்டன. பத்து நாள் பேச்சில்லை.

பதினோராவது நாள், லிப்ட்டின் மனைவி கோலை ஊன்றிக்கொண்டு எதிர்வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள். நாலே எட்டு. அதற்கே மூச்சு வாங்கியது.

"அண்ணே, புது வீடு வருதோ இல்லையோ எனக்குத் தெரியாது. நான் சாகறதுக்குள்ள யாரும் தூக்காம ஒரு தடவை கீழ இறங்கணும். அவ்வளவுதான்" என்றாள்.

கண்டக்டர் பேனாவை எடுத்து, எந்த இடத்தில் என்று மட்டும் கேட்டார். அவர் போட்ட ஒரே வாரத்தில் எழுபத்தெட்டு ஆகிவிட்டது.

*

ஆறு மாதத்தில் காலி செய்தார்கள். ஊர் முடிகிற இடத்தில், கழிவுநீர்க் கால்வாயை ஒட்டித் தகரத்தால் அடித்த வரிசைக் கொட்டகைகள். ஆளுக்கு ஓர் அறை, பத்துக் குடும்பத்துக்கு ஒரு குழாய். பெண்கள் முணுமுணுத்தார்கள். ரெண்டு வருஷம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்று லிப்ட்டு ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார்.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்: அவர் மனைவிக்கு அந்த முதல் வருடம் ஆயுளிலேயே நல்ல வருடமாக அமைந்தது. தகரமோ என்னவோ, தரையோடு இருந்த வீடு. கதவைத் திறந்தால் தெரு. படியே இல்லை. காலையில் கோலூன்றிக் குழாயடிக்குப் போய்விடுவாள். வரிசையில் யார் முந்தினார், யார் பிந்தினார் என்று தீர்ப்புச் சொல்லுவாள். போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வம்பளப்பாள். மூன்று வருடம் வாயில் அடைத்து வைத்திருந்த பேச்சையெல்லாம் ஒரே வருடத்தில் பேசித் தீர்த்தாள். கண்டக்டரோடு தெருமுனை டீக்கடை வரை நடந்து போய்த் திரும்பிய அன்று, என்னவோ கடல் கடந்து வந்தவள்போல் இரவுச் சாப்பாடு முடிகிறவரை அதைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாள். லிப்ட்டு கேட்டுக்கொண்டே இருந்தார். தான் செய்தது சரிதான் என்று அவர் முழுசாக நம்பியது அந்த ஒரு வருடம்தான்.

இரண்டாவது வருடம் பழைய கட்டடங்களை இடித்து முடித்தார்கள். பிறகு இடம் சும்மா கிடந்தது. காண்ட்ராக்டர் மாறிவிட்டார் என்றார்கள். மண் பரிசோதனை என்றார்கள். மூன்றாவது வருடம் மனையின் நடுவே ஒரு நீளச் சுவர் எழும்பியது. சாலையைப் பார்த்த முன்பாதியில் பெரிய பெரிய இயந்திரங்கள் வந்து இறங்கின. வேலை மும்முரமாக நடந்தது. சுவருக்குப் பின்னால் புல் முளைத்தது.

முன்பாதியின் வேலியில் ஒரு விளம்பரப் பலகை வைத்தார்கள். சொகுசு அடுக்குமாடி வீடுகள், விற்பனைக்கு. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு வந்தார். நேராகத் தன் அறைக்குப் போய்ப் பெட்டியிலிருந்து பத்திரத்தின் நகலை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, லிப்ட்டின் கொட்டகை வாசலில் உட்கார்ந்து பதினான்கு பக்கத்தையும் எழுத்தெழுத்தாகப் படித்தார். ஒன்பதாவது பக்கம் வந்ததும் நிறுத்தி, ஒரு பத்தியை மட்டும் உரக்கப் படித்தார். திட்டச் செலவை ஈடுகட்டும் பொருட்டு, மனையின் ஒரு பகுதியை வேறு பயன்பாட்டுக்கு ஒதுக்கவோ கைமாற்றவோ வாரியத்துக்கு முழு உரிமை உண்டென்றும், குடியிருப்போர் அதற்கு மனமொப்பிச் சம்மதிக்கிறார்களென்றும் அதில் இருந்தது.

"இது வழக்கமா போடறதா, மாப்ளே?" என்று கேட்டார்.

லிப்ட்டின் மனைவி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

லிப்ட்டு மறுநாளே வாரிய அலுவலகத்துக்குப் போனார். மூன்று மணி நேரம் காக்க வைத்து இன்ஜினியரம்மா உள்ளே விட்டார். அதே தன்மையான குரலில், மேலிடத்து முடிவு, தன் கையில் எதுவும் இல்லை என்றார். இவர் விடவில்லை, இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டார். அவர் முகத்தில் கள்ளமில்லாத ஆச்சரியம்.

"அதுதான் பத்திரத்துலயே இருந்துச்சே, சார். நீங்கதானே படிச்சு எல்லாருக்கும் விளக்கிச் சொன்னீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. இறங்கி வரும்போது அந்த அலுவலகத்தின் லிப்ட் மூன்றாவது மாடியில் லேசாக உதறுவதை அவர் காது கவனித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

*

கொட்டகைக்கு மழை ஒத்துக்கொள்ளவில்லை. நான்காவது வருடம் கால்வாய் பொங்கி முழங்கால் அளவு உள்ளே வந்தது. வடிந்த பிறகும் தரை காயவில்லை. அவளுக்கு இருமல் பிடித்தது. இருமல் சளியானது, சளி நெஞ்சுக்கு இறங்கியது. உள்ளூர் டாக்டர் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தார். கல்யாணமாகித் தூரத்தில் இருந்த மகள் வந்து தன்னோடு கூட்டிப்போகிறேன் என்றபோது, ஆறாவது மாடியில் இருக்கிற மகள் வீட்டைச் சொல்லி, எனக்கு மாடியே வேண்டாம்டி என்று மறுத்துவிட்டாள்.

ஐந்தாவது வருடம் மூச்சு முட்டிப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டு நான்காவது மாடி. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து லிப்ட்டுக்குள் தள்ளினார்கள். கதவு மூடியது, மேலே கிளம்பியது. மூக்கில் குழாயோடு படுத்திருந்தவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"இது நீங்க பாக்குற லிப்ட்டா?"

"இல்ல. வேற கம்பெனி."

"அதான் இப்படி ஆடுது" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னவையெல்லாம் தண்ணீர், வலி, மகள் வந்தாளா என்கிற மாதிரியானவை. ஒன்பதாம் நாள் போய்விட்டாள். கீழே கொண்டுவரும்போதும் அதே லிப்ட்தான்.

கண்டக்டர் மூன்று நாள் கூடவே இருந்தார். எல்லாக் காரியத்தையும் அவர்தான் முன்நின்று செய்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லிப்ட்டுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

*

முன்பாதியில் இருபது மாடிக் கோபுரங்கள் இரண்டு எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று லிப்ட். பராமரிப்பு வேலை லிப்ட்டு வேலை பார்த்த கம்பெனிக்குக் கிடைத்தது. அந்தப் பகுதிக்கு அவர்தான் மூத்த ஆள், அவரைத்தான் அனுப்பினார்கள். முதல் நாள் வாசலில் காவலாளி ஒரு நோட்டை நீட்டி, பேர், எங்கிருந்து வருகிறீர்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதச் சொன்னான். பிறந்ததிலிருந்து ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்த இடம். எங்கிருந்து என்ற கட்டத்தில் கம்பெனி பெயரை எழுதினார்.

அவர் வீட்டுப் படிக்கட்டு இருந்த இடத்தை மனக்கணக்காகத் தேடிப் பார்த்தார். அங்கே கார் நிறுத்துமிடத்துக்குள் இறங்கும் சரிவு இருந்தது. லிப்ட்டுகள் நன்றாக இருந்தன. கண்ணாடிச் சுவர், கைப்பிடி, கண் தெரியாதவர்களுக்கு மாடி எண்ணைச் சொல்லும் குரல். பழுதென்று சொல்ல ஒன்றுமில்லை.

மொட்டைமாடி மோட்டார் அறையின் ஜன்னலிலிருந்து பின்பாதி தெரியும். அங்கே அவர்களுக்கான கட்டடம் ஒருவழியாக வளர்ந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு கட்டடம், பதினான்கு மாடி, ஜன்னல்கள் தபால்பெட்டி வாய் மாதிரி. மனையில் பாதி போனபோது மிச்சப் பாதியில் தொண்ணூற்றாறு குடும்பத்தையும் திணித்தாக வேண்டுமே. இரண்டு கூண்டும் எழும்பியதை அவர் மாடி மாடியாக எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்தாவது மாடி எழும்பியபோது ஒரு கூண்டின் வாயைச் செங்கல் வைத்து அடைக்கத் தொடங்கினார்கள். கேட்டதற்கு, ஒரு லிப்ட் போதும் என்று முடிவாகியிருக்கிறது, இன்னொன்றில் தண்ணீர்க் குழாய் வருகிறது என்று மேஸ்திரி சொன்னார்.

ஏழாவது வருடம் சாவி கொடுத்தார்கள். மனைவி இறந்து மகளும் கட்டிக்கொடுக்கப்பட்டுவிட்டதால் லிப்ட்டு தனிநபர் என்று பதிவாகியிருந்தார். தனிநபருக்கு ஒற்றை அறை, பன்னிரண்டாவது மாடி. குலுக்கலில் கண்டக்டருக்குப் பதினொன்று விழுந்தது. எழுபது தாண்டியவர், இதயத்தில் அடைப்பு உள்ளவர், கீழ்மாடியாகப் பார்த்துக் கொடுங்கள் என்று விண்ணப்பித்தார்கள். குலுக்கல் வெளிப்படையாக நடந்தது, மாற்ற இயலாது என்று பதில் வந்தது. அப்போது இன்ஜினியரம்மா அங்கே இல்லை. பதவி உயர்வு கிடைத்து வேறிடத்துக்குப் போயிருந்தார்.

லிப்ட்டு அந்தக் கட்டடத்தின் லிப்ட்டை முதல் பார்வையிலேயே எடை போட்டுவிட்டார். தானியங்கிக் கதவு இல்லை; இழுத்துத் திறக்கிற பழங்காலத்துக் கதவு. அந்த வகையில் இரண்டு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. ஆள் நிற்கும் பெட்டி வந்து நின்றால்தான் அந்த மாடியின் கதவு திறக்கும். எல்லாக் கதவும் சரியாகப் பூட்டினால்தான் பெட்டி நகரும். இந்த இரண்டும் ஒழுங்காக இருக்கிறவரை பயமில்லை. ஆனால் கதவுச்சட்டங்கள் மட்டமான இரும்பு. மூன்றே மாதத்தில் கோணி, பூட்டு சரியாக விழாமல் லிப்ட் அடிக்கடி நின்றது. வாரியம் அனுப்பிய ஆள் வந்து போனார், லிப்ட் ஓடியது. மறுபடி நிற்கும், மறுபடி வந்து போவார்.

எப்படிச் சரிசெய்கிறார் என்று ஒரு நாள் லிப்ட்டு மோட்டார் அறைக்கு ஏறிப் பார்த்தார். பூட்டுகளிலிருந்து வரும் கம்பிகளையெல்லாம் விட்டுவிட்டு, குறுக்கே ஒரே ஒரு துண்டு ஒயரைச் செருகி வைத்திருந்தார் அந்த ஆள். அதாவது எந்தக் கதவு திறந்து கிடந்தாலும் இனி லிப்ட் ஓடும். அவர் மாடி மாடியாக இறங்கி ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்த்தார். ஐந்திலும் ஒன்பதிலும் பூட்டின் நாக்கு உடைந்திருந்தது. பெட்டி இல்லாதபோதே கதவு திறந்தது. எட்டிப் பார்த்தால் கீழே இருட்டு.

வாரியத்துக்கு ஓடினார். எழுதிக் கொடுத்தார். புதிதாக வந்திருந்த அதிகாரி, லிப்ட்டுக்குச் சான்றிதழ் இருக்கிறது, பாருங்கள் என்று எடுத்துக் காட்டினார். இவர் தொழில் விவரமெல்லாம் எடுத்துச் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டே வேறொரு கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து, நேராக மொட்டைமாடிக்கு ஏறி அந்த ஒயர்த்துண்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். லிப்ட் நின்றது.

அவர் வாழ்க்கையில் செய்த ஒரே சட்டவிரோதக் காரியம் அது. நாற்பத்தேழு நாள் லிப்ட் ஓடவில்லை. ஐந்தாவது, ஒன்பதாவது மாடி வாசலில் நின்று ஏன் நிறுத்தினேன் என்று விளக்கினார். ஒருவர் காதிலும் ஏறவில்லை. குடம் சுமந்து ஏறியவர்களும் கைக்குழந்தையோடு ஏறியவர்களும் அவர் கதவுக்கு முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கி எங்களைத் தகரத்தில் போட்டாய், இன்றைக்கு இருந்த ஒரு லிப்ட்டையும் பிடுங்கிக்கொண்டாய் என்று பத்தாவது மாடிக்காரி மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் பேசினாள். பொதுச்சொத்தில் கைவைத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்கு மட்டும் ஒரே வாரத்தில் பதில் அனுப்பத் தெரிந்திருந்தது அவர்களுக்கு.

கண்டக்டர் பதினோராவது மாடியிலிருந்து இறங்கவே இல்லை. இறங்கினால் ஏற முடியாது. தினமும் காலையில் லிப்ட்டு பாலும் பேப்பரும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு படியேறிப் போய்க் கொடுப்பார். கண்டக்டர் வாங்கிக்கொள்வார், நாற்காலியைக் காட்டுவார். அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் லிப்ட்டுக்குப் பொறுக்கவில்லை. ஏறி வந்த மூச்சு அடங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

"மச்சான், ஊரே என்னைத் திட்டுது. நீங்களும் ரெண்டு வார்த்தை திட்டிடுங்களேன்."

கண்டக்டர் பால் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

"நீ கேட்டு நான் கையெழுத்துப் போட்டிருந்தா திட்டியிருப்பேன். அவ கேட்டுல்ல போட்டேன். உன்னைத் திட்டினா அவளைத் திட்டின மாதிரி ஆயிடும். அதான் முடியல."

மாத்திரையையும் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டு, "அவ ஆசைப்பட்டதும் கிடைச்சுடுச்சு. யாரும் தூக்காம நடந்தாளே, அந்தத் தகரத்துல" என்றார். பிறகு பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

லிப்ட்டு படியில் வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் வராத அழுகை அங்கே வந்தது. மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண் ஒதுங்கி வழி விடச் சொன்னாள். ஒதுங்கினார்.

நாற்பத்தெட்டாம் நாள் வாரியத்து ஆள் வந்தார். பூட்டுகளை மாற்றவில்லை. மோட்டார் அறைக்குப் புதிதாக ஒரு பெரிய பூட்டைப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே இன்னொரு ஒயர்த்துண்டு செருகியாகிவிட்டது என்று லிப்ட்டுக்குப் பார்க்காமலே தெரிந்தது. கதவு முழுசாக மூடுவதற்கு முன்பே பெட்டி கிளம்பியது. கட்டடமே மகிழ்ந்தது. ஏழாவது மாடிப் பிள்ளைகள் மேலும் கீழுமாக அன்றைக்கு முழுவதும் போய்வந்தார்கள்.

அதே லிப்ட்டில்தான் இரண்டு மாதம் கழித்துக் கண்டக்டரும் இறங்கிப் போனார். மகன் வந்து கூட்டிக்கொண்டு போனான். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டார்கள். அதில் இப்போது இருப்பவர்களுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. கண்டக்டர் போன பிறகு மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும், ஏறும்போது நடுநடுவே உட்கார்ந்து ஏறு மாப்ளே என்று சொன்னார்.

லிப்ட்டு ஓய்வுபெற்றுவிட்டார். அவர் அந்த லிப்ட்டில் ஏறுவதில்லை. பன்னிரண்டு மாடியும் நடைதான். தலைக்கனம் என்று சிலரும், மனைவி போனதிலிருந்து புத்தி பேதலித்துவிட்டது என்று சிலரும் பேசிக்கொள்கிறார்கள். பதினான்கு மாடிகளிலும் லிப்ட் கதவுக்குப் பக்கத்தில், கண்மட்டத்தில், தன் கைப்பட எழுதிய தாளை ஒட்டி வைத்திருக்கிறார். கதவைத் திறந்ததும் உள்ளே பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காலை வையுங்கள் என்று அதில் இருக்கும். பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள். சிலர் அதன்மேல் வீட்டு வாடகை விளம்பரத்தை ஒட்டிவிடுவார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பசையும் தாளுமாகப் பதினான்காவது மாடியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வருவார். போன வாரம் ஐந்தாவது மாடியில் புதிதாகக் குடிவந்த ஒருவர், இதை ஒட்டுவதற்கு வாரியம் உங்களுக்கு என்ன சம்பளம் தருகிறது என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். லிப்ட்டு தாளின் நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்திவிட்டு நான்காவது மாடிக்கு இறங்கினார்.